குலை பெரிசு, முட்டு எங்கே? ஊழல் எதிர்ப்புக் கட்சிகள் நிலைக்குமா

திங்கள்சந்தையில் இருக்கும் என் அக்கா மகளுக்கு இந்த வருஷம்தான் ஓட்டு வந்திருக்கிறது. வாக்காளர் அட்டை கைக்கு வந்ததிலிருந்து அவள் செல்போனில் ஓடுவதெல்லாம் அரசியல் பேச்சுதான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டாள்: “மாமா, ஊழலை ஒழிப்போம்னு ஒரு கட்சி வருது. கிடுகிடுன்னு வளருது, ஜெயிச்சும் போடுது. அஞ்சாறு வருஷம் கழிச்சுப் பாத்தா ஆளையே காணல. ஏன் மாமா அப்படி?”

“எல்லாக் கட்சியும் அப்படிக் காணாமப் போறதில்ல மக்களே” என்று தொடங்கினேன். அதற்குள் அக்கா சோறு போட்டுவிட்டாள். மீன்குழம்புக்கு முன்னால் அரசியல் எடுபடவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரசியலில் சில விஷயங்கள் ஊரை இரண்டாகப் பிரிக்கும். குமரியில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், கொதித்து எழுந்த கடற்கரை ஊர்கள் இன்னொரு பக்கம். மதுவிலக்கு, அணு உலை, இட ஒதுக்கீடு எல்லாம் இந்த ரகம்தான். யார் எந்தப் பக்கம் என்று பளிச்செனத் தெரியும். தங்களோடு நின்ற கட்சியை அந்தப் பக்கத்து ஆட்கள் லேசில் கைவிடமாட்டார்கள்.

ஊழல் வேறு ரகம். “நான் ஊழலை ஆதரிக்கிறேன், எனக்கு ஓட்டுப் போடுங்கள்” என்று நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மைக் பிடித்தவர் இதுவரை யாரும் கிடையாது. எல்லாக் கட்சியும் ஊழலுக்கு எதிரிதான். அப்படியானால் மக்கள் எதை வைத்து முடிவு செய்வார்கள்? யார் சொன்னால் நம்பலாம் என்பதை வைத்துத்தான்.

இப்படிப்பட்ட கட்சி வேகமாக வளர்வதும் இதனால்தான். எங்கள் மாவட்டத்தில் வேட்பாளர் பட்டியல் வருவதற்கு முன்பே டீக்கடையில் கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். எந்தச் சாதி எத்தனை, கடலோரம் எந்தப் பக்கம், சபைக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள், கோயில் கமிட்டி யாரோடு என்று ஒன்றுவிடாமல் அலசுவார்கள். ஆனால் ஒரு சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கடுப்பு எந்தச் சாதிக் கணக்கிலும் அடங்காது. அது எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கடுப்பை ஒரு கட்சி கையில் எடுத்தால் எல்லா மதிலையும் தாண்டி ஓட்டு வந்து சேரும்.

வந்த வேகத்தில் போவதற்கும் அதுவே காரணம். கடுப்பை நம்பி வந்த ஓட்டு அந்தக் கட்சிக்குப் பட்டா எழுதிக் கொடுத்த ஓட்டு கிடையாது. நாளைக்கு இன்னொருவர் இதைவிடச் சத்தமாக, இதைவிட நம்பும்படி சொன்னால் அங்கே போய்விடும். இன்னொன்று, ஆட்சிக்கு வந்தபிறகு மக்கள் கேட்கும் கேள்வியும் மாறிவிடும். எதிர்க்கட்சியாக இருக்கும்போது “திருடாதே” என்று சொன்னால் போதும். நாற்காலியில் உட்கார்ந்த மறுநாள் “நீ திருடவில்லை, சரி. என் தெரு ரோடு என்னாச்சு?” என்று கேட்பார்கள்.

பக்கத்து உதாரணத்துக்கு முன் டெல்லி உதாரணத்தைப் பார்த்துவிடலாம், எல்லோருக்கும் தெரிந்தது என்பதால். 2011-ல் அண்ணா ஹசாரே, ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்குச் சட்டம் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அந்தப் போராட்டத்திலிருந்து பிரிந்து 2012 நவம்பரில் அரவிந்த் கெஜ்ரிவால் ஆம் ஆத்மி கட்சியைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் டெல்லி சட்டமன்றத்தின் 70 இடங்களில் 28 கிடைத்தது. முதல்வர் ஷீலா தீட்சித்தை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே கெஜ்ரிவால் தோற்கடித்தார். காங்கிரஸ் ஆதரவோடு ஆட்சி அமைத்து, 49 நாளில் ராஜினாமா செய்தார். ‘ஓடிப்போனவர்’ என்று கேலி செய்தார்கள். 2015-ல் திரும்பி வந்தபோது 70-க்கு 67. கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டு வெற்றிக்கும் நடுவில் ஒரு தேர்தல் நடந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அதுதான் முக்கியம். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் ஆம் ஆத்மி நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்றது. கன்னியாகுமரியில் அதன் வேட்பாளர் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தின் முகமாக இருந்த சுப. உதயகுமார். துடைப்பம் சின்னம், எங்கள் பேச்சில் வாரியல். நாகர்கோவில்காரர், படித்தவர், நாடறிந்த பெயர். ஏறக்குறைய 10 லட்சம் வாக்குகள் பதிவான தொகுதியில் அவருக்குக் கிடைத்தது சுமார் 15,000. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் டெபாசிட் போகும். போயிற்று. பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். அதே ஆண்டிலேயே உதயகுமார் ஆம் ஆத்மியை விட்டும் விலகிவிட்டார்.

காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை என்று மேடையில் சொல்வது எளிது. டெல்லியில் கிளம்பிய சூடு குமரி வந்து சேரும்போது ஆறிப்போயிருந்தது. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஊழல் கூடாது என்பதில் ஒத்துப்போகும் இரண்டு பேர் அணு உலை வேண்டுமா என்பதிலும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஒரே ஒரு கொள்கைக்காகக் கூடியவர்களிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டால்தான் கூட்டத்தில் எத்தனை கோஷ்டி என்று தெரியவரும். இது கடைக்கோடியில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 67 இடம் ஜெயித்த இரண்டே மாதத்தில், அந்தக் கட்சியைக் கட்டியவர்களில் இருவரான யோகேந்திர யாதவும் பிரசாந்த் பூஷணும் வெளியேற்றப்பட்டார்கள்.

இதைப் புரியவைக்க எனக்கு வாழையை விட்டால் வேறு வழி தெரியவில்லை. எங்கள் அப்பா இறச்சகுளம் பக்கம் வயலைப் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன் வாழை போட்டிருந்தார். ஏத்தன் குலை தள்ளியபிறகு பார்த்தால் தெரியும். நாளாக நாளாகக் குலை கனக்கும், வாழை குலை பக்கம் சாயும். தண்டு உள்ளே வெறும் பட்டை சுற்றியதுதானே, மரமா என்ன? ஆகவே குலை தள்ளும் முன்பே கம்பு வெட்டிக் கொண்டுவந்து வரப்பில் போட்டுவைப்பார். இரண்டு கம்பைக் கத்தரிக்கோல் மாதிரி கட்டி, குலையின் கழுத்துக்குக் கீழே முட்டுக் கொடுப்பார். “குலை வந்தப்புறம் கம்பு தேடப் போனா, காத்து காத்துக்கிட்டு நிக்காது” என்பார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது முட்டுக் கொடுத்ததும் விழுந்தது, அது வேறு கதை. சாதாரண காற்றுக்கு முட்டு போதும்.

கட்சிக்கு முட்டு என்பது என்ன? ஓட்டுப்பதிவு நாளில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஒருமுறை நான் பூத் ஏஜென்டாக இருந்தேன், எந்தக் கட்சிக்கு என்பதை விடுங்கள். ஓட்டுப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். ஏஜென்டுகள் முன்னிலையில் இயந்திரத்தில் மாதிரி ஓட்டு, குறைந்தது 50, போட்டுக் காட்டுவார்கள். எண்ணிக்கை சரியா என்று பார்த்து, அழித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்குவார்கள். சாயங்காலம் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தில் எழுதி நகல் தருவார்கள். எண்ணிக்கை நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.

அன்று ஒரு புதிய கட்சிக்காக ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முகத்தில் அத்தனை உற்சாகம். ஆனால் ஏஜென்டாக நியமித்து வேட்பாளர் தரப்பு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் அவனிடம் இல்லை. யாரும் கொடுக்கவில்லையாம். அதிகாரி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தான். ஒன்பதரை மணிக்குப் பார்த்தேன், ஆள் இல்லை.

அதே நேரம் இருநூறு மீட்டர் தள்ளி ஒரு பழைய கட்சியின் மேசை. வாக்காளர் பட்டியலை விரித்துவைத்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் பெயரை ஸ்கேல் வைத்து அடித்துக்கொண்டே வந்தார். பதினொரு மணிக்கு நிமிர்ந்து, “தபால்காரர் வீட்டுல ரெண்டு ஓட்டு இன்னும் வரல. கிழவிக்குக் கால் வலி. ஆட்டோவ அனுப்புங்கப்பா” என்றார். வாக்காளரைக் கட்சி செலவில் வண்டியில் ஏற்றி வருவது சட்டப்படி தப்பு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதை ‘ஊழல் நடவடிக்கை’ என்றே சொல்கிறது. ஆட்டோ போயிற்று, கிழவி வந்தார், ஓட்டு விழுந்தது. ஒரு சட்டமன்றத் தொகுதியில் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சாவடிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அந்த அம்மா மாதிரி ஒருவர் இருந்தால் அதற்குப் பெயர் கட்சி. வெள்ளைச் சட்டைப் பையனுக்குப் படிவம்கூடப் போய்ச் சேரவில்லை என்றால் அது இன்னும் கூட்டம்தான்.

இதற்கு எதிராக ஒரு உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் கட்சிப் பணத்துக்குக் கணக்குக் கேட்டார், நீக்கப்பட்டார், சில நாளில் அ.தி.மு.க. பிறந்தது. அடுத்த ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் வெற்றி, 1977-ல் ஆட்சி. ஊழல் குற்றச்சாட்டோடு கிளம்பி மின்னல் வேகத்தில் வளர்ந்த கட்சி என்றால் நம் கண்முன் நிற்பது இதுதான், அரை நூற்றாண்டு தாண்டி இருக்கிறது. ஆனால் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கும் முன்பே அவருக்குக் கிளைகள் இருந்தன. ரசிகர் மன்றம் இல்லாத தெரு எது? கம்பு வெட்டி வரப்பில் கிடந்தது, குலைதான் பின்னால் வந்தது. அப்புறம் 1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். அந்தச் சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைகளின் தாய்மார்களுக்கு 1972-ன் கணக்கு ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுப் போட வேறொரு காரணம் கிடைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சியின் பொதுச்செயலாளர் ஜெயலலிதாவே 2014-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்று முதல்வர் பதவியை இழந்தார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016-ல் கட்சி மறுபடியும் ஜெயித்தது. ஊழல் எதிர்ப்பு ஒன்றையே நம்பி நின்ற கட்சியாக இருந்தால் அந்தத் தீர்ப்பு நாளோடு கதை முடிந்திருக்கும். வெள்ளை வேட்டியில்தான் கறை பளிச்சென்று தெரியும். கைலி கட்டியவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆந்திராவில் என்.டி. ராமராவும் இதே மாதிரிதான். 1982 மார்ச்சில் கட்சி, 1983 ஜனவரியில் ஆட்சி. காங்கிரஸ் மேல் இருந்த வெறுப்பு அவரை ஏற்றிவிட்டது. தெலுங்கு தன்மானமும் கிலோ இரண்டு ரூபாய் அரிசியும் கட்சியை நிற்கவைத்தன.

நிற்காமல் போனவை நிறைய. 1977-ல் ஆட்சிக்கு வந்த ஜனதா கட்சி இரண்டு சொச்சம் ஆண்டில் உடைந்தது. போஃபர்ஸ் பீரங்கி ஊழல் புகார் கிளப்பிய புயலில் 1989-ல் வந்த வி.பி. சிங் ஆட்சி ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. 2001-ல் பல்கேரியாவில் முன்னாள் மன்னர் சிமியோன் தொடங்கிய கட்சி சில வாரத்தில் 240 இடங்களில் 120-ஐப் பிடித்தது, 2009-ல் ஒரு இடமும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு இடைஞ்சல் தேர்தல் முறையே. ஒரு தொகுதியில் மற்றவரைவிட ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர் எம்.எல்.ஏ. இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. 2006-ல் விஜயகாந்தின் தே.மு.தி.க. மாநிலம் முழுக்க எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது, கிடைத்தது ஒரே ஒரு இடம். ஓட்டு ஊரெல்லாம் சாரலாகத் தெளித்தது, ஒரு குளமும் நிறையவில்லை. சரி என்று 2011-ல் கூட்டணி வைத்தார், 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர். ஆனால் கூட்டணி வைத்த நாளோடு ‘இரண்டு பேருக்கும் மாற்று’ என்ற பேச்சு போயிற்று. 2016-ல் அவருக்கே டெபாசிட் போனது. 2018-ல் மக்கள் நீதி மய்யம் தொடங்கிய கமல்ஹாசன் 2021-ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். பிறகு தி.மு.க. அணிக்கு வந்து 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். தனியாக நின்றால் இடம் இல்லை, சேர்ந்து நின்றால் முகம் இல்லை. புதிய கட்சிகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இதற்கு மேடைப் பேச்சில் மருந்து கிடையாது.

பணம் என்ற ஒன்றும் இருக்கிறது. இருநூறு சாவடிக்கும் ஆளுக்குச் சாயாவும் வடையும் வாங்கிக் கொடுக்கவே எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்தமான பணம் மெதுவாகத்தான் வரும், தேர்தல் சீக்கிரம் வந்துவிடும். கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை போகும் தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்று சொன்னபிறகு பட்டியல் வெளியானபோது, அப்படிப் பணம் வாங்கிய கட்சிகளில் ஆம் ஆத்மியும் இருந்தது.

மறுபடி டெல்லிக்கு வருவோம். 2015-க்குப் பிறகு அந்தக் கட்சி செய்தது கவனிக்க வேண்டியது. மொகல்லா கிளினிக் என்ற பேட்டை இலவச மருத்துவமனை, அரசுப் பள்ளிக்கூடம், 200 யூனிட் வரை இலவச மின்சாரம் என்று போனது. 2020-ல் மறுபடி 62 இடம் கிடைத்தபோது லோக்பால் பற்றிப் பேசியவர் யாரும் இல்லை, கரண்ட் பில்லைப் பற்றித்தான் பேச்சு. 2022-ல் பஞ்சாபில் 117-க்கு 92. அதாவது ஊழல் எதிர்ப்பை மட்டும் விற்பதை நிறுத்தியபிறகுதான் அந்தக் கட்சி வேர் பிடித்தது. ஆனாலும் அது கட்டியிருந்தது வெள்ளை வேட்டிதான். டெல்லி அரசின் மதுக் கொள்கையில் ஊழல் நடந்ததாகத் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் கெஜ்ரிவால் கைதானார், குற்றச்சாட்டைக் கட்சி மறுத்தது, செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2025-ல் டெல்லி கைவிட்டுப் போனது. ஓட்டு சதவீதம் பா.ஜ.க.வுக்கு ஏறக்குறைய 45.6, இவர்களுக்கு 43.6. இடமோ 48-க்கு 22. கெஜ்ரிவாலும் தோற்றார். இதை விழுந்துவிட்டது என்பதா, நிற்கிறது என்பதா? நான் நிற்கிறது என்றுதான் சொல்வேன். நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர் தோற்கும்போதும் கூட இருந்தால் அது காற்றில் வந்த கூட்டம் இல்லை.

‘நிலைப்பது’ என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு அர்த்தமும் உண்டு. 1940-களில் இங்கே பிறந்தது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். மார்ஷல் நேசமணி தலைமையில் அது கேட்டது ஒன்றே ஒன்றுதான், தமிழ்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும். 1954 தேர்தலில் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்தில் 12 இடம் பிடித்தது. அந்த ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து குமரி மாவட்டம் ஆனது. கட்சி வேலை முடிந்தது என்று காங்கிரசில் கலந்துவிட்டது. இன்று அந்தக் கட்சி இல்லை. தோற்றுப்போனது என்று குமரியில் யாராவது சொல்வார்களா?

ஆனால் ஊழல் எதிர்ப்புக் கட்சிக்கு இப்படி முடிய வாய்ப்பே இல்லை. தாலுகா சேர்ந்ததா என்று கெஜட்டைப் பார்த்தால் தெரியும். ஊழல் ஒழிந்ததா என்று எந்தக் கெஜட்டில் பார்ப்பது? போதாததற்குக் கோரிக்கையை மற்றவர்களும் தூக்கிக்கொள்வார்கள். 2013 டிசம்பரில் கெஜ்ரிவால் டெல்லியில் பதவியேற்கும் சமயத்தில்தான் நாடாளுமன்றத்தில் பழைய கட்சிகளில் பெரும்பாலானவை சேர்ந்து லோக்பால் மசோதாவை நிறைவேற்றின. முதல் லோக்பால் நியமிக்கப்பட 2019 ஆயிற்று என்பது வேறு.

இதையெல்லாம் போனில் அக்கா மகளிடம் சுருக்கமாகச் சொன்னேன். பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. கடைசியில், “சரி மாமா, அப்போ நான் பாக்குற கட்சி நிக்குமா நிக்காதான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?” என்றாள். “உன் வார்டுல அந்தக் கட்சிக்கு யாரு பொறுப்புன்னு கேட்டுட்டு வா” என்றேன்.

மூன்று நாள் கழித்து வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்தது. பக்கத்துத் தெருவில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தானாம். நல்ல மனிதராம், டீ வாங்கிக் கொடுத்தாராம். “நாப்பது பேரு உறுப்பினர் படிவம் நிரப்பிக் குடுத்துட்டாங்களாம் மாமா. ஆனா மாவட்டத்துக்குப் பொறுப்பாளர் யாருன்னே இன்னும் போடலையாம். யார்ட்ட குடுக்கணும்னு தெரியாம மேசைக்குள்ளயே வச்சிருக்காரு. ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமா.”